ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு 5ஜி பாடம்

பம்மலில் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்துவிடும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவோம். விமானம் ஒன்று கூரைக்கு மேலே இறங்கிப் போகும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடருவோம். பிள்ளைகள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் மட்டும் முதல் ஒரு வாரம் பார்ப்பார்கள். இந்த விமானங்களுக்கும், என் மாணவன் ஒருவன் வீட்டில் தவணைக்கு வாங்கிய கைபேசிக்கும் தொடர்பு இருக்கும் என்று 2023 பொங்கல் வரை எனக்குத் தெரியாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது.

2022 அக்டோபர் 1 அன்று தில்லியில் நடந்த இந்திய மொபைல் மாநாட்டில் பிரதமர் 5ஜி சேவையைத் தொடங்கிவைத்தார். அன்றே ஏர்டெல் அறிவித்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதே மாதம் 22ஆம் தேதி ஜியோவின் 5ஜியும் சென்னைக்கு வந்தது. காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஏழாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நாளிதழில் படித்ததை வைத்துக்கொண்டு நானும் உற்சாகமாகப் பேசினேன். அந்த ஆண்டு மே 19 அன்று, நமக்குப் பக்கத்திலேயே உள்ள கிண்டி ஐஐடி வளாகத்தில், மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் உள்நாட்டில் உருவாக்கிய கருவிகளின் வழியாக 5ஜி அழைப்புப் பேசிப் பார்த்ததையும் சொன்னேன். அதுவரை சரி. பேச்சு வாக்கில், "இனிமே இந்த 4ஜி போனெல்லாம் பழசுதான்" என்று ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தாய் என்னிடம் வந்தார். நாகல்கேணியில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர். கையில் உறை கூடப் பிரிக்காத பளபளப்போடு ஒரு கைபேசி.

"டீச்சர், இதுல 5ஜி வரவே மாட்டேங்குது. நீங்கதான் சொன்னீங்களாம், பழைய போன் இனிமே ஆவாதுன்னு. பையன் ரெண்டு மாசமா ஒரே அழுகை. மாசம் ஆயிரத்து இருநூறு ரூபா கட்டுறேன்."

கோபமாகக் கேட்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகத்தில்தான் கேட்டார். 'டீச்சர் சொன்னாங்க' என்ற சொல்லுக்கு வீட்டில் எவ்வளவு எடை என்று நமக்குத் தெரியும். அந்த எடையோடு நான் கவனமில்லாமல் ஒன்றைச் சொல்லியிருந்தேன். அவர்களின் பழைய கைபேசி 4ஜி. அதில் ஒரு குறையும் இல்லை. புதிய தலைமுறை வந்ததும் பழையது நின்றுவிடுவதில்லை என்பதற்கு அவர் இடுப்பில் செருகியிருந்த இன்னொரு பொத்தான் கைபேசியே சாட்சி, அது 2ஜி. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அன்றைய தலைமுறை அலைகளில் இன்னும் கோடிக்கணக்கானோர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இடையில் வந்த 3ஜியைத்தான் ஏர்டெல் 2019இல் மூடத் தொடங்கியது. மூத்தது இருக்க நடுவில் பிறந்தது விடைபெற்றது.

அந்த அம்மாவுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். பார்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே எத்தனை குழப்பம் இருந்தது என்று புரிந்தது. பி.எட். படித்த காலத்தில் கைபேசி என்பது பாடத்திலேயே இல்லை. இருந்த இயற்பியலைத் தூசு தட்டி எடுத்து, பிப்ரவரி மாதத்தில் ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ஐந்தாறு பாடவேளைகளில் இதை நடத்தினேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன். அறிவியல் ஆசிரியர்கள் மட்டுமல்ல, கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்களும் எடுத்து நடத்தலாம். தொடக்கப் பள்ளியில் இருப்பவர்களுக்குச் சந்தை எடுத்துக்காட்டு மட்டும் போதும்.

வெள்ளிக்கிழமைச் சந்தை

'வேகமான இணையம்' என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அதைப் பிரிக்கப் பல்லாவரம் சந்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தை. பம்மல் பிள்ளைகளில் அங்கே புறாவோ, மீன் தொட்டியோ, பழைய சைக்கிளோ வாங்காதவர்கள் குறைவு.

"வியாழக்கிழமை அந்த ரோட்டுல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பேர் நடந்து போக முடியும்? வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன். ரோடு அதேதான், அகலம் அதேதான், ஆனால் வெள்ளிக்கிழமை நகர முடியாது என்று உடனே சொன்னார்கள். ரோட்டின் அகலம்தான் அலைவரிசையின் அகலம். ஒரு கோபுரத்திடம் உள்ள அகலத்தை அதன் எல்லைக்குள் அந்த நேரத்தில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் சொல்லும் வேகம், ஆள் இல்லாத வியாழக்கிழமை விடியற்காலை வேகம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கு வகுத்த இலக்கில் உச்ச வேகம் நொடிக்கு 20 ஜிகாபிட். ஆனால் சாதாரணப் பயனாளர் ஒருவர் அடர்ந்த நகர்ப்பகுதியில் உணரவேண்டிய வேகம் என்று அதே இலக்கு குறிப்பது 100 மெகாபிட்தான். இருநூறில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால் வேறு விளக்கமே வேண்டாம்.

காலை ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவு ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று நம் ஆசிரியர் அறையில் தினமும் எழும் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, மறுமுனையில் உள்ள கணினி ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும் என்பது. சந்தைக்குப் போகும் ரோட்டை எட்டு வழியாக்கினாலும் கடையில் எடைபோடுகிறவர் ஒருவர்தான் என்றால் வரிசை நிற்கத்தான் செய்யும். 5ஜி கைபேசி வாங்கினால் வருகைப் பதிவு வேகமாகிவிடும் என்று நம்பி வாங்கிய தோழி ஒருவர் எனக்கு உண்டு. இன்றும் அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் பதிவாகிறது.

இரண்டாவது விஷயத்தை நான் சொல்லித்தரவில்லை. பின் பெஞ்சிலிருந்து வந்தது.

"மிஸ், நெட் ஸ்பீடா இருந்தாலும் சில நேரம் பிங் ஏறிடும். அப்ப நாம சுடுறதுக்குள்ள அவன் சுட்டுருவான்."

வீட்டுப்பாடத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்த பையன். அவன் சொன்ன 'பிங்' என்பதுதான் சுணக்க நேரம். நாம் அனுப்பிய செய்தி போய் பதில் திரும்பிவர ஆகும் நேரம். ரோடு எவ்வளவு அகலம் என்பது வேறு, பல்லாவரம் போய்த் திரும்ப ஒரு பைக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு. விளையாட்டுக்கு அனுப்பவேண்டிய தகவல் மிகக் கொஞ்சம், ஆனால் அது உடனே போகவேண்டும். திரைப்படம் பார்க்கத் தகவல் நிறைய வேண்டும், ஆனால் இரண்டு நொடி தாமதமாகத் தொடங்கினால் யாரும் சாகப்போவதில்லை. அவனையே எழுந்து வந்து விளக்கச் சொன்னேன். அந்த ஆண்டில் அவன் கரும்பலகைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அவன் சொன்னதிலிருந்து ஒரு நல்ல கணக்குக் கிடைத்தது. கைபேசியிலிருந்து கோபுரம் வரை கம்பி இல்லை. அதற்குப் பிறகு பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் ஓடும் கண்ணாடி இழைதான். சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் பல. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கேபிள் மட்டுமே சுமார் 2,300 கி.மீ. நீளம். இழைக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நொடிக்கு 2 லட்சம் கி.மீ. விளையாட்டின் கணினி சிங்கப்பூரில் இருக்கிறது, கேபிள் வழி 3,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போக 15 மில்லி நொடி, வர 15 மில்லி நொடி. ஆக, பம்மலில் என்ன 'ஜி' வந்தாலும் அந்த 30 மில்லி நொடியைக் குறைக்க முடியாது. "அப்ப 5ஜி வாங்குனா ஜெயிக்கலாம்னு சொல்றதெல்லாம் புருடாவா மிஸ்?" என்றான். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட சுணக்கம் குறையும், கடல் குறையாது என்றேன்.

கையால் அளக்கும் அலைகள்

ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடத்தில் 'திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம்' என்று வருகிறது அல்லவா? அதே சூத்திரம், ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த அலைக்கற்றை ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு விற்றவற்றுள் 5ஜிக்கு முக்கியமானவை மூன்று: 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ், 26 ஜிகாஹெர்ட்ஸ். கணக்குப் போடச் சொன்னேன். விடைகள் 43 செ.மீ., 9 செ.மீ., சுமார் ஒன்றேகால் செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கையை நீட்டிக் காட்டச் சொன்னால் முழங்கை முதல் விரல் நுனி வரை, உள்ளங்கை அகலம், விரல் நகம்.

முழ நீள அலை தொலைதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும்; ஆனால் அந்த அலைவரிசையில் கிடைக்கும் அகலம் குறைவு, எனவே வேகமும் அடக்கமாகவே இருக்கும். நக அளவு அலையில் அகலம் ஏராளம், வேகமும் ஏராளம். ஆனால் ஒரு மரம், ஒரு சுவர், ஏன், நம் கையே குறுக்கே வந்தால் தடுமாறும். உள்ளங்கை அளவு அலைதான் இடைப்பட்டது. சென்னையில் '5ஜி வேகம்' என்று மக்கள் வியப்பது பெரும்பாலும் இதைத்தான். தகரக் கூரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் இந்த அலை எளிதில் மசியாது. மொட்டை மாடியில் 5ஜி, அடுக்களையில் 4ஜி என்று காட்டுவது கைபேசியின் கோளாறு அல்ல. இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். கொரோனா காலத்தில் பாடம் கேட்க மொட்டை மாடிக்கும் தெருமுனைக்கும் ஓடிய பிள்ளைகள் இவர்கள்.

அந்த அம்மாவின் கைபேசிக்கும் இதுவே காரணம் என்று முதலில் நினைத்தேன். வீடு பொழிச்சலூர்ப் பக்கம், தகரக் கூரை. ஆனால் பையன் ஒன்று சொன்னான். "வெளிய தெருவுல நின்னாலும் வரல மிஸ். ஆனா ஸ்கூல் பக்கம் வந்தா சில நேரம் வருது."

விமான நிலையப் பெட்டி

அப்போதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. 2022 நவம்பர் 29 தேதியிட்டு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. இந்திய விமான நிலையங்களில், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கி.மீ. வரையிலும், ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 910 மீட்டர் வரையிலும், 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி நிலையங்களை வைக்கக் கூடாது. அதற்கு அடுத்த 540 மீட்டரில் திறனைக் கட்டுப்படுத்தி வைக்கலாம். விமானங்களின் ரேடியோ உயரமானிகளில் உள்ள வடிகட்டிகள் மாற்றப்படும் வரைக்கும் என்று போடப்பட்ட கட்டுப்பாடு இது.

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால் என்ன இருக்கிறது? பொழிச்சலூர், அனகாபுத்தூர், பம்மல்!

உயரமானி என்ன செய்கிறது என்பதை ஏழாம் வகுப்புக்குக் கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்க்கும் கதையாகச் சொன்னேன். விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு ரேடியோ அலை கீழே போகிறது. தரையில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்திலிருந்து உயரம் கிடைக்கிறது. சுமார் 2,500 அடிக்குக் கீழே, அதாவது தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில், மூடுபனியிலும் இருட்டிலும் விமானி நம்புவது இதைத்தான். இதன் அதிர்வெண் 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ். நம் 5ஜி 3670இல் முடிகிறது. இடைவெளி 530. தொடவில்லைதான். ஆனால் தரையிலிருந்து திரும்பி வருவது மெல்லிய எதிரொலி. பக்கத்திலேயே உரத்த ஒலிபெருக்கி பாடினால், காது நல்ல காதாக இல்லாவிட்டால் குழம்பும். பழைய உயரமானிகளின் காதுகளைப் பற்றித்தான் கவலை. அமெரிக்காவில் இந்த இடைவெளி இன்னும் குறுகல். அங்கே 5ஜி 3980 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதனால்தான் 2022 ஜனவரி 19 அன்று அங்கே 5ஜி தொடங்கியபோது ஏர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான விமானங்களை ரத்து செய்தன.

இனி வரைபடம். சமூக அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். எங்கள் பகுதியின் வரைபடத்தை 1 செ.மீ.க்கு 200 மீட்டர் என்ற அளவையில் பெரிதாக்கிச் சார்ட்டில் வரைந்தோம். பெரிய ஓடுபாதை சுமார் 3.66 கி.மீ.; சார்ட்டில் 18.3 செ.மீ. அதன் இரு முனையிலும் எழுதப்பட்டிருக்கும் 07, 25 என்ற எண்கள் திசையைக் குறிக்கின்றன: வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 70 பாகை, 250 பாகை. பாகைமானியை வைத்துக் கோட்டைச் சாய்த்துப் போட்டார்கள். முனைகளிலிருந்து 10.5 செ.மீ., பக்கவாட்டில் நாலரை செ.மீ.க்குச் சற்று மேல். பெட்டியின் நீளம் 39.3 செ.மீ., அகலம் 9.1 செ.மீ. உண்மையில் 7.86 கி.மீ.க்கு 1.82 கி.மீ.; பரப்பு 14 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகம்.

பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டுத் தெருவில் புள்ளி வைத்தார்கள். முப்பது வருடப் பாடத்துக்கும் கிடைக்காத அமைதி அந்தப் பத்து நிமிடம் கிடைத்தது. பொழிச்சலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரின் புள்ளி பெட்டிக்கு உள்ளே விழுந்தது, அந்தப் பையனுடையதும்தான். பள்ளி மேற்கு ஓரத்துக்குச் சற்று வெளியே, அந்த 540 மீட்டர்ப் பட்டையில் விழுந்தது. உள்ளேயா வெளியேயா என்று இரண்டு குழுக்களுக்குச் சண்டை. ஒரு குழு தீட்டாத பென்சிலால் கோடு போட்டிருந்தது. "கோட்டோட தடிமன் எவ்வளவு?" ஒரு மில்லிமீட்டர். "அப்படின்னா தரையில?" 20 மீட்டர். அளவீட்டுப் பிழை என்ற பாடத்தை நான் இதைவிட நன்றாக எந்த ஆண்டும் நடத்தியதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பெட்டிக்குள் 5ஜியே வரக்கூடாது என்பதல்ல விதி. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் அந்த அலைவரிசையை 2022 ஏலத்தில் எடுத்தது ஜியோ மட்டுமே. அந்த அம்மாவின் சிம் வேறு நிறுவனத்துடையது. ஒரே தெருவில் ஒருவருக்கு 5ஜி வந்து அடுத்தவருக்கு வராமல் போவதற்கு இப்படியும் காரணம் உண்டு. கைபேசி வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி 'இது 5ஜியா?' என்பது மட்டுமல்ல, 'என் தெருவில், என் சிம்முக்கு வருகிறதா?' என்பதும்தான். இதற்குக் கடைக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசி நம்பகமான சாட்சி.

அந்தச் சார்ட்டில் தேதி எழுதி வைத்தோம். கட்டுப்பாடு தளர்ந்தால் பெட்டியும் மாறும். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் அன்றைய விதியைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி விமான நிலையங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டிய பாடம்.

இரண்டு நிமிடத்தில் தீரும் நாள்

ஏழாம் வகுப்புக்கு எளிய பெருக்கல் கணக்கு ஒன்று கொடுத்தேன். அதற்குமுன் ஒரு சிரிப்பு. வேகத்தின் அலகை விளம்பரத்தில் சொல்கிறபடி 'எம்பிபிஎஸ்' என்று எழுதியதும், "டாக்டர் படிப்பா மிஸ்?" என்றாள் ஒரு பெண். நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பதன் சுருக்கம் அது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நம் தினசரி அளவோ ஜிகாபைட்டில் சொல்லப்படுகிறது. வேகம் பிட்டில், அளவு பைட்டில் என்று இரண்டையும் வேறு வேறு அலகில் சொல்வதால்தான் பெரியவர்களுக்கே குழப்பம்.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்பது 12,000 மெகாபிட். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 2,400 நொடி, அதாவது 40 நிமிடம் வரும். 100 மெகாபிட் வேகத்தில்? 120 நொடி. இரண்டே நிமிடம்! 300 மெகாபிட் என்றால் 40 நொடி.

வேகம் கூடியதால் மட்டும் ஒரே படத்துக்கு அதிக டேட்டா செலவாகிவிடாது. அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் காணொளிச் செயலிகள் அகலமான ரோட்டைக் கண்டால் தாமாகவே உயர்ந்த தெளிவுக்கு மாறிவிடும். நெட்ஃப்ளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் தரும் கணக்குப்படியே, குறைந்த தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 ஜிபி, உயர் தெளிவில் 3 ஜிபி வரை. பத்து மடங்கு. ஆறங்குலத் திரையில் இந்த வேறுபாட்டைக் கண் பெரிதாக உணராது, டேட்டா உணரும். அடுத்த காணொளி தானாக ஓடுவது வேறு.

2023 தொடக்கத்தில் 5ஜி வருகிறவர்களுக்கு அளவில்லாத டேட்டா என்று தந்தார்கள். அது வந்தவர்களுக்குச் சரி. பெட்டிக்குள் இருப்பவருக்கு 5ஜியும் வராது, அளவில்லாமையும் வராது; புதுக் கைபேசியின் பெரிய திரையில் பழைய 1.5 ஜிபி சீக்கிரம் தீரும். அந்தத் தாய் சொன்னதும் இதைத்தான்: "முன்னெல்லாம் ராத்திரி வரைக்கும் வரும் டீச்சர். இப்ப சாயந்திரமே 'தீந்துபோச்சு'ன்னு மெசேஜ் வந்துடுது." மாலையில் தீர்ந்தால் என்ன ஆகும்? பையனின் அக்கா பதினொன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டை ஸ்கேன் செய்து அவள் காணொளி பார்ப்பது இரவு எட்டு மணிக்குத்தான், அம்மா வேலை முடிந்து வந்த பிறகு. அந்த நேரத்துக்கு டேட்டா இல்லை. நான் வகுப்பில் விட்ட ஒரு வார்த்தை எங்கே போய் நின்றது பாருங்கள்.

2024 ஜூலை 3 முதல் ஜியோ, ஏர்டெல் இரண்டுமே கட்டணத்தை உயர்த்தி, அளவில்லாத 5ஜியை நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டன. இப்போது கணக்கு இன்னும் கவனமாகப் போடவேண்டியிருக்கிறது. 2016 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ஜியோவின் 4ஜி வந்தபோது டேட்டா ஏறத்தாழ இலவசமாகவே கொட்டியது. அந்த நாள்களில் கைபேசி பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் அளந்து செலவழிக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் இரண்டு. ஒன்று, '2.0' படத்தில் வருவதுபோல் கோபுரத்தால் குருவிகள் சாகுமா என்பது. கைபேசி அலைகள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றல் இல்லாதவை, எக்ஸ் கதிர் வேறு இது வேறு என்று விளக்கினேன். கோபுரங்களுக்கு இந்தியா 2012 செப்டம்பர் முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்தது என்பதையும் சொன்னேன். குருவி குறைந்ததற்கு ஓட்டு வீடுகளும் தோட்டங்களும் குறைந்ததை முதலில் பாருங்கள் என்றேன். முழுத் திருப்தி இல்லை அவர்களுக்கு. படம் நன்றாக இருந்ததாம்.

இன்னொன்று, ஒரு மாணவியின் பாட்டிக்கு வந்த அழைப்பு. "உங்க சிம்மை 5ஜிக்கு மாத்தணும், வர்ற எண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, பேத்தி பக்கத்தில் இருந்தாள். ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஏற்கெனவே உள்ள 4ஜி சிம்மிலேயே 5ஜி வரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டன. அப்படி யாராவது ஓடிபி கேட்டால் துண்டித்துவிடவேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்கவேண்டும். இதை மட்டும் பிள்ளைகளின் நாட்குறிப்பில் எழுதச் சொல்லி, பெற்றோரிடம் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவரச் செய்தேன்.

மார்ச்சில் அந்த அம்மாவை வரச் சொல்லி, சார்ட்டைக் காட்டி, வீட்டுப் புள்ளியைக் காட்டினேன். என் பேச்சால்தான் இந்தச் செலவு வந்தது என்பதையும் சொன்னேன். "விமானம் போறதுக்காகவா? அட!" என்று சிரித்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை; உறை பிரித்தாயிற்று. காணொளித் தெளிவைக் குறைந்த அளவில் நிறுத்தி, தானாக ஓடுவதை அணைத்து, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்திக் கொடுத்தான் அவர் மகன். அமைப்புகளுக்குள் எங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. அக்காவுக்கு எட்டு மணி வரை டேட்டா மிஞ்சியது என்று மறுவாரம் வந்து சொன்னான். தவணை மட்டும் அந்த ஆண்டு தீபாவளி வரை போனது.

அவன் இப்போது பத்தாம் வகுப்பு. சார்ட் ஆய்வகச் சுவரில் ஓரம் மடங்கித் தொங்குகிறது. 2025 செப்டம்பர் 27 அன்று பிஎஸ்என்எல் உள்நாட்டுக் கருவிகளோடு 4ஜியைத் தொடங்கிய செய்தி வந்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் "இன்னும் 4ஜியா?" என்று சிரித்தார்கள். அவனைத்தான் அழைத்து விட்டேன். சார்ட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்து, "உங்க வீடு எங்க, சொல்லு" என்று தொடங்கினான். நடுவில் ஒரு விமானம் போனது. நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.